டெமரிட்டி: வசையா, பாராட்டா?

போன இதழில் டோம்பிவிலி வாசகியின் கேள்வியை மட்டும் போட்டுவிட்டு, பதிலை இந்த இதழுக்குத் தள்ளி வைத்திருந்தேன். அதற்குள் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னும் மூன்று கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்கும் அதன் உறவுக்காரச் சொற்களுக்கும்தான்.

கேள்வி: அக்கா, எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் ஏ.ஜி.எம்.மில் (ஆண்டுப் பொதுக்கூட்டத்தில்), லிஃப்ட் ரிப்பேருக்கு எடுத்த பணத்துக்குக் கணக்கு எங்கே என்று எழுந்து கேட்டேன். பத்து நாள் கழித்து செகரட்டரி கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் வந்தது. கமிட்டியைக் கேள்வி கேட்கும் ‘டெமரிட்டி’ (temerity) எனக்கு இருந்ததாம். அகராதியைப் பார்த்தால் ‘துணிச்சல்’ என்று போட்டிருக்கிறது. “பாராட்டித்தானே எழுதியிருக்காங்க, விடு” என்கிறார் என் கணவர். “திட்டியிருக்காங்கம்மா” என்கிறான் பையன். யார் சொல்வது சரி? (63 வயது வாசகி, டோம்பிவிலி)

பதில்: பையன் சொல்வதுதான் சரி, சகோதரி. அது திட்டுதான். தமிழில் சொல்லியிருந்தால் “கமிட்டியையே கேள்வி கேட்கிற அளவுக்கு உனக்கு நெஞ்சழுத்தமா?” என்று இருந்திருக்கும். நீங்களும் அங்கேயே பதில் சொல்லியிருப்பீர்கள். இங்கிலீஷில் டைப் அடித்து வந்ததால் அகராதியைத் தேட வேண்டியதாகிவிட்டது.

உங்கள் கணவர் மேல் தப்பில்லை. அகராதி ‘துணிச்சல்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொண்டதுதான் கோளாறு. என்னைக் கேட்டால் டெமரிட்டிக்கு நேர் எதிர்ச்சொல்லே துணிவுதான். எப்படி என்று சொல்கிறேன்.

டெமரிட்டி லத்தீனிலிருந்து வந்தது. மூலச்சொல் ‘டெமெரே’. அதை நம் ஊர்ப் பேச்சில் அப்படியே சொல்லலாம்: குருட்டாம்போக்காக. பார்க்காமல், யோசிக்காமல், பட்டது படட்டும் என்று இறங்குவது. அதற்கும் அடியில் இருக்கும் வேரின் பொருள் இருட்டு. லத்தீனில் இருளைக் குறிக்கும் ‘டெனெப்ரே’ என்ற சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். சமஸ்கிருதத்தின் ‘தமஸ்’ அதே குடும்பம். தமோ குணம், தாமச குணம் என்கிறோமே, அந்தத் தமஸ்.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் தினம் நாலு தடவை சொல்லும் ‘தாமதம்’ என்ற சொல்லை அந்தத் தாமசத்தோடுதான் தமிழ் அகராதி சேர்த்து வைத்திருக்கிறது. ஒரே இருட்டு: ரோமாபுரிப் பக்கம் போய் அவசரமாகிவிட்டது, நம் பக்கம் வந்து தாமதமாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் இரண்டுமே நடக்கிற விஷயம்தான். கரண்ட் போனதும் ஒருவர் தடதடவென்று ஓடி மேஜையில் இடித்துக்கொள்வார், இன்னொருவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். முதன்முதலில் இதைக் கண்டுகொண்ட அன்று ஆபீசில் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தவித்திருக்கிறேன்.

சரி, இப்போது நம் துணிவுக்கு வாருங்கள். துணிதல் என்றால் முதலில் வெட்டுப்படுதல். துண்டு, நாம் உடுத்தும் துணி எல்லாம் அதன் வழி வந்தவை. ‘இப்படிச் செய்யலாமா, அப்படிச் செய்யலாமா’ என்று மனசு இழுத்துக்கொண்டிருப்பதை வெட்டி முடிப்பது துணிவு. தெளிதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. பழந்தமிழில் துணிநீர் என்றால் தெளிந்த நீர். வள்ளுவர் ‘எண்ணித் துணிக கருமம்’ என்கிறபோது ‘துணிக’ என்பதற்கு ‘முரட்டுத்தனமாக இறங்கு’ என்றா அர்த்தம்? யோசித்து முடிவெடு என்று அர்த்தம். துணிந்த பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்பதை அவர் இழுக்கு என்று அதே குறளில் தள்ளிவிடுகிறார். அந்த இழுக்குக்கு லத்தீன்காரர்கள் வைத்த பெயர்தான் டெமரிட்டி. ஆக, துணிவுக்குள் இருப்பது தெளிவு, டெமரிட்டிக்குள் இருப்பது இருட்டு. முன்னால் ‘குருட்டு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் ‘குருட்டுத் துணிச்சல்’ என்று அகராதியில் போட்டிருந்தால் உங்கள் வீட்டில் சண்டையே வந்திருக்காது.

ரோமாபுரிக்காரர்கள் இந்தச் சொல்லை அவசரக்காரப் படைத்தலைவர்கள் மேலும் எறிந்தார்கள். கி.மு. 217இல் ஃபிளாமினியஸ் என்ற தலைவர், சக தலைவரின் படை வந்து சேரும்வரை பொறுக்காமல், வேவு பார்க்கவும் ஆள் அனுப்பாமல், ரோமின் எதிரியான கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹானிபலைத் துரத்திக்கொண்டு இத்தாலியின் டிரசிமீன் ஏரிக்கரையில் நுழைந்தார். விடியற்காலை. ஏரியிலிருந்து எழுந்த பனிமூட்டம். மலைச்சரிவில் ஹானிபலின் ஆட்கள் காத்திருந்தார்கள். மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய 15,000 ரோமானியர்கள் செத்தார்கள், அவரும் செத்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் கால் வைத்தார் என்பதால் டெமரிட்டி என்ற சொல் அவருக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது.

அவருக்குப் பிறகு வந்த ஃபேபியஸ் நேர் எதிர். சண்டைக்கே போகாமல் ஹானிபலைப் பின்தொடர்ந்து இழுத்தடித்தார். ஊரே ‘தாமதக்காரர்’ என்று கேலி செய்தது. மறுவருஷம் கேனே என்ற இடத்தில் இன்னொரு அவசரக்காரரால் அதைவிடப் பெரிய அழிவு வந்ததும், அந்தக் கேலிப் பெயரே பட்டமாகிவிட்டது. தாமதித்தே நாட்டை மீட்டவர் என்று கவிஞர் என்னியஸ் பாடி வைத்தார்.

15ஆம் நூற்றாண்டு வாக்கில் சொல் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியபோதும் அர்த்தம் அதேதான்: ஆபத்தைப் பார்க்காமல் பாய்வது. போர்க்களத்தை விட்டு வரவேற்பறைக்கும் கோர்ட்டுக்கும் வந்த பிறகுதான் நிறம் மாறியது. இன்று அந்தச் சொல் தனியாக வருவதே அபூர்வம். ‘ஹாட் தி டெமரிட்டி டு’ என்ற வாலோடுதான் வரும். கேட்கும் டெமரிட்டி, மறுக்கும் டெமரிட்டி, எதிர்த்துப் பேசும் டெமரிட்டி. வாளும் இல்லை, பனிமூட்டமும் இல்லை. மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவரைப் பார்த்து, ‘நீயா கேட்கிறாய்’ என்று சொல்வதற்கான சொல்லாக அது ஆகிவிட்டது.

யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து இந்தக் குடும்பத்துச் சொற்கள் எப்படிப் புரள்கின்றன என்பதற்கு நல்ல உதாரணம் ஒருவர் இருக்கிறார். பர்கண்டி நாட்டு கோமகன் சார்லஸ், 1477இல் நான்சி நகரத்துக்கு வெளியே போரில் செத்தவர். பிரெஞ்சுக்காரர்கள் அவரை ‘டெமரேர்’ என்கிறார்கள், அதாவது குருட்டுத் துணிச்சல்காரர். ஆங்கிலேயர்கள் அதே மனிதரை ‘போல்ட்’ என்கிறார்கள், அதாவது துணிந்தவர். ஒரே ஆள், ஒரே குணம்.

இப்போது நான் கண்ணால் பார்த்த ஒன்று. 1982. பம்பாய் ஃபோர்ட் பகுதியில் ஒரு வக்கீல் ஆபீசில் ஸ்டெனோவாக இருந்தேன். கிர்காவ் பக்கம் ஒரு சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) குடியிருந்த பெரியவருக்கு எதிராக வீட்டுச் சொந்தக்காரர் கேஸ் போட்டிருந்தார். நாங்கள் சொந்தக்காரர் பக்கம். பெரியவர் செய்தது இவ்வளவுதான்: ஜூலை மழையில் ஓடு ஒழுகுகிறது, ரிப்பேர் செய்து கொடுங்கள் என்று எழுத்து மூலமாகக் கேட்டார். எங்கள் அஃபிடவிட்டில் அது ‘ரிப்பேர் கேட்கும் டெமரிட்டி இந்த வாடகைதாரருக்கு இருந்தது’ என்று ஆனது. டைப் அடித்தது என் கைதான்.

இரண்டு நாள் கழித்து அவரே ஆபீசுக்கு வந்தார், பேசித் தீர்க்க முடியுமா என்று கேட்க. நனைந்த குடையை வெளியே சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு கம்பி. கீழே மரவட்டை, மேலே கொக்கி. மளிகைக் கடையில் பில் குத்தி வைப்பார்களே, அது. அதில் 26 வருஷ வாடகை ரசீதும் தேதி வரிசையில் குத்தியிருந்தது. அடியில் இருந்தவை டீ நிறத்துக்கு வந்திருந்தன, மேலே வர வர வெள்ளை. ஒரு மாசம் விட்டுப் போகவில்லை. சீனியர் வக்கீல் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கம்பியை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், குழந்தையைப் பிடித்துக்கொள்வது போல. நான் அவரையும் என் மிஷினில் இருந்த காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இவரா குருட்டாம்போக்காக இறங்கியவர்? 26 வருஷம் யோசித்து, வரிசையாகக் குத்தி வைத்து, பிறகுதான் வாயைத் திறந்திருக்கிறார். வள்ளுவர் சொன்ன துணிவு அதுதான். நான் டைப் அடித்த சொல் பொய்.

மூன்றாவது மழைக்காலத்துக்குள் சமரசமாகி ஓடு மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் அந்தச் சொல் ரெக்கார்டில் அவர் பெயரோடு அப்படியே கிடக்கிறது. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதனால் சகோதரி, லெட்டரில் அந்தச் சொல் வந்ததற்காக வருத்தப்பட வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். நீங்கள் கேட்டது உரிமை. 1960ஆம் வருஷத்து மகாராஷ்டிரா கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில், ஹவுசிங் சொசைட்டிகளுக்கென்று 2019இல் சேர்த்த 154பி-8 பிரிவு: கடைசியாகத் தணிக்கையான வரவு செலவு அறிக்கை, பொதுக்கூட்ட மினிட்ஸ், கமிட்டி மினிட்ஸ் இவற்றை எல்லாம் ஆபீஸ் நேரத்தில் காசு கொடுக்காமல் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. கட்டணம் கட்டி எழுதிக் கேட்டால் நகலும் தர வேண்டும். நாலு வரி எழுதுங்கள். அந்தச் சொல்லைத் திருப்பி எழுதவும் வேண்டாம், அதற்குப் பதில் சொல்லவும் வேண்டாம். பிரிவு எண், எந்த வருஷத்துக் கணக்கு, எந்தத் தேதிக்குள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சொசைட்டி சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பிரதி பத்திரம்.

கேள்வி: டெமரிட்டி, டிமிடிட்டி இரண்டும் எனக்கு எப்போதும் குழம்புகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒன்றுக்கொன்று எதிர்ப்பதம் என்கிறார்கள், ஆனால் ஒரே சொல்லிலிருந்து வந்தவை போல இருக்கிறதே? (மாணவி, முலுண்ட்)

பதில்: பார்க்கத்தான் அக்கா தங்கை மாதிரி இருக்கும், உறவே கிடையாது. டிமிடிட்டி என்றால் பயந்த சுபாவம். அது லத்தீன் ‘டிமேரே’யிலிருந்து வந்தது, அஞ்சுதல் என்று பொருள். டெமரிட்டி வந்தது ‘டெமெரே’யிலிருந்து, மேலே சொன்ன குருட்டாம்போக்கு. ஒன்றில் இகரம், மற்றதில் எகரம்.

உன் குழப்பம் எனக்கு நன்றாகப் புரியும், அம்மா. கும்பகோணத்தில் டைப்பிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் முடித்துவிட்டு 1975இல் பம்பாய் வந்தேன். கையில் வேகம் இருந்தது, காதில் இங்கிலீஷ் அவ்வளவாக ஏறவில்லை. மூன்றாவது வருஷம், சீனியர் வேகமாக டிக்டேஷன் கொடுத்துக்கொண்டே போனார். ‘எதிர்த்தரப்புக்கு இப்படிச் சொல்லும் டெமரிட்டி இருந்தது’ என்பது அவர் சொன்னது. என் காதில் விழுந்தது டிமிடிட்டி. ஒரிஜினலும் நாலு கார்பன் காப்பியுமாக அடித்து, ஃபைலும் ஆகிவிட்டது. ‘இப்படிச் சொல்லும் கோழைத்தனம் எதிர்த்தரப்புக்கு இருந்தது’ என்று ஒரு வாக்கியம்! எதிர்த்தரப்பு வக்கீல் அதை எழுந்து நின்று வாசித்தாராம்.

சாயந்திரம் சீனியர் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். செம்பூர் ரூம் வாடகை, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் எல்லாம் மனசில் ஓடியது. அவர் அலமாரியிலிருந்து தடித்த அகராதியை எடுத்து, இரண்டு சொல்லையும் என்னையே தேடிச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வேர்ச்சொல் அடைப்புக்குள் இருந்தது. அதையும் வாசி என்றார். ‘டிமேரே, டெமெரே’ என்று பத்து தடவையாவது வாசித்திருப்பேன். பிறகு திருத்தப் பிரதி அடித்து முடிக்க இரவு எட்டு ஆனது. வி.டி. ஸ்டேஷனில் மான்குர்ட் வண்டி ஏறும்போது ஒரு முடிவு எடுத்தேன்: தெரியாத சொல்லை இனிமேல் டைப் அடிக்க மாட்டேன், நின்று கேட்பேன். மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன். இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதெல்லாம் அந்த நோட்டிலிருந்து ஆரம்பித்ததுதான்.

அதில் முதல் பக்கத்தில் டெமரிட்டிக்குப் பக்கத்தில் ‘திமிர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நினைவில் நிற்க உனக்கும் அது போதும். “கேள்வி கேட்க உனக்கு என்ன திமிர்?” என்கிற தொனிதான் இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கிறது. ஆனால் விடைத்தாளில் டெமரிட்டியிலிருந்து திமிர் வந்தது என்று மட்டும் எழுதிவிடாதே. ஓசை ஒற்றுமை மட்டும்தான், சொல்லுறவு கிடையாது.

உச்சரிக்கும்போது அழுத்தம் இரண்டாவது அசையில், ‘மெ’ மேல் விழும். பெயரடை வேண்டுமென்றால் ‘டெமரேரியஸ்’ என்று ஒன்று இருக்கிறது. இன்று யாரும் எழுதுவதில்லை, தேர்வில் வந்தால் மட்டும் தெரிந்துகொள். அதன் பிரெஞ்சு அண்ணன் ‘டெமரேர்’ மட்டும் ஒரு கப்பலின் பெயராகப் பிழைத்துக்கொண்டது. 1759இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஒரு கப்பலைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள், பிறகு 1798இல் 98 பீரங்கிகளோடு புதிதாக வெள்ளோட்டம் விட்ட கப்பலுக்கும் அதே பெயர். 1805இல் டிரஃபால்கர் சண்டையில் நெல்சனின் கப்பலுக்குத் துணையாக நின்றது அது. 1838இல் உடைப்பதற்கு இழுத்துப் போனதை டர்னர் ஓவியமாக வரைந்தார். எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் அதன் பிரதி ஒன்று மாட்டியிருந்தது. அந்திச் சூரியன், புகை கக்கும் சின்னப் படகு, பின்னால் வெளிறிப்போன பெரிய கப்பல். திட்டாகப் பிறந்த சொல் ஒரு கப்பலின் பெயராகிப் பெருமையாக நின்றதை அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

கேள்வி: ‘ராஷ் டிரைவிங்’ என்கிறோம். தோலில் சிவப்பாக வருவதையும் ராஷ் என்கிறோம். இரண்டும் ஒன்றா? (வாசகர், தாராவி)

பதில்: இல்லை, இரண்டும் வேறு வேறு சொற்கள். எழுத்துக்கூட்டல் மட்டும் ஒன்றாகிவிட்டது.

வண்டிக்காரரின் ராஷ் ஜெர்மன் குடும்பத்துச் சொல். ஜெர்மனில் ‘ராஷ்’ என்றால் இன்றும் வேகம் என்றுதான் பொருள், திட்டே கிடையாது. ஆங்கிலத்திலும் பழைய காலத்தில் சுறுசுறுப்பு என்ற பொருள் இருந்தது, பிறகு அவசரமாகி, அவசரத்திலிருந்து முன்பின் யோசியாமை ஆயிற்று. ஷேக்ஸ்பியரின் ஜூலியட், தங்கள் காதல் உறுதிமொழியைப் பற்றியே, மின்னல் மாதிரி அவசரமாக, திடீரென்று நடக்கிறதே என்று கவலைப்படும் இடத்தில் இந்தச் சொல்தான் வருகிறது. தோலில் வருவது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். அதன் அடியில் இருப்பது சுரண்டுதல். முகம் மழிக்கிற ரேசரும் அந்த வழிதான்.

சட்டத்தில் ‘ராஷ்’ வேறு, ‘நெக்லிஜென்ட்’ வேறு. ஆபத்து என்று தெரிந்தும், நமக்கு ஒன்றும் ஆகாது என்று இறங்கினால் முதலாவது. யோசிக்க வேண்டியதை யோசிக்காமலே விட்டால் இரண்டாவது. வண்டி ஓட்டுகிறவருக்கு 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் 279ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281ஆக மாறியிருக்கிறது. எண்தான் மாறியது, ராஷ் அப்படியே இருக்கிறது.

கேள்வி: என் மகனுக்குப் பதினேழு வயது. காலேஜ் போகும்போது லோக்கல் ரயிலில் வாசலுக்கு வெளியே தொங்கி, ஒற்றைக் கையால் வீடியோ எடுத்து, கீழே ‘சாகசம்’ என்று போடுகிறான். எனக்கு அடிவயிறு கலங்குகிறது. கேட்டால் “தைரியம்ப்பா” என்கிறான். இதற்கு என்ன சொல்? (தந்தை, காட்கோபர்)

பதில்: முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். காலை எட்டரைக்கு வாசலில் தொங்குகிற எல்லோரையும் நான் குருட்டுத் துணிச்சல்காரர் என்று சொல்ல மாட்டேன். உள்ளே இடமில்லை, ஆபீஸ் மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) கையெழுத்துப் போட நேரமாகிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைக்க இடம் கிடைத்தால் போதும் என்று ஏறுகிற மனிதருக்கு அது தேர்வே இல்லை. 30 வருஷம் ஹார்பர் லைனில் போய்வந்தவள் நான். அவர்களுக்கு டெமரிட்டி என்று பெயர் வைப்பது அநியாயம். உங்கள் மகன் விஷயம் வேறு. உள்ளே இடம் இருந்தும் வெளியே வருகிறான்.

‘சாகசம்’ என்று அவன் போட்டிருக்கிறானே, அந்தச் சொல்லின் கதையைச் சொல்லுங்கள். பழைய வடமொழிச் சட்ட நூல்களில் சாஹசம் என்பது குற்றத்தின் பெயர். வன்முறையால் செய்கிற குற்றம், தனித் தலைப்பு. பிறகு அது வீரமாக உயர்ந்துவிட்டது. இங்கே ஹிந்தியில் ‘சாஹஸ்’ என்றால் நல்ல தைரியம். அதனால் கெட்டதைச் சொல்ல முன்னால் ஒன்று சேர்த்து ‘துஸ்ஸாஹஸ்’ என்கிறார்கள். டெமரிட்டிக்கு ஹிந்திப் பத்திரிகைகள் போடும் சொல்லும் அதுதான். தமிழில் நாம் சேர்க்கவில்லை. சினிமா போஸ்டரிலும் சாகசம், ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவதும் சாகசம். அந்தச் சொல்லை நாம் இப்படிக் காவலில்லாமல் விட்டிருக்கக் கூடாது.

அவன் செய்வதற்கு நம் சொல் ‘அசட்டுத் துணிச்சல்’. ஆங்கிலத்தில் ‘ஃபூல்ஹார்டி’ என்று அச்சாக அதே அமைப்பில் ஒன்று இருக்கிறது. ஃபூல் என்றால் அசடு, ஹார்டிக்கு அந்தக் காலத்தில் துணிந்தவன் என்று பொருள். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அவர்களும் நாமும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே மாதிரி சொல் கட்டியிருக்கிறோம். தைரியம் என்கிறானே, அதற்கு வள்ளுவரிடம் நேரடியாகவே பதில் இருக்கிறது: ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை’. பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் இருப்பதை அவர் தைரியம் என்று சொல்லவில்லை, பேதைமை என்கிறார்.

இன்னொரு குறிப்பும் அவனுக்குத் தெரியட்டும். 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் 156ஆவது பிரிவின்படி, எச்சரித்த பிறகும் படியில் தொங்கியோ கூரை மேல் ஏறியோ போனால் மூன்று மாதம் வரை சிறை, இல்லை 500 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். ஆனால் 500 ரூபாய்க்கு அந்த வயது பயப்படாது என்று எனக்குத் தெரியும்.

குர்லாவில் ஒரு சாயந்திரம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வண்டி நகர்ந்து வேகம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பையன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, செருப்பைப் பிளாட்ஃபாரத்தில் தேய்த்துக்கொண்டே போனான். சர்ரென்று சத்தம், பின்னால் கோடு கோடாக ரப்பர் தடம். பிளாட்ஃபாரம் முடியும் இடம் அவனுக்கு முதுகுப்பக்கம் இருந்தது. அவன் முகம் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பிளாட்ஃபாரத்தில் நின்ற நாங்கள் எல்லோரும் அந்த முனையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவன் ஒருவன்தான் பார்க்கவில்லை. உள்ளே இருந்த யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டார்கள், தப்பினான். டெமெரே என்ற லத்தீன் சொல்லை நோட்டில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதன் முழு அர்த்தம் எனக்கு அன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

நீங்கள் அவனைத் திட்டாதீர்கள். அப்பா திட்டினால் அடுத்த வீடியோவை உங்களுக்குக் காட்டாமல் எடுப்பான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் எடுத்த வீடியோவையே சத்தத்தை நிறுத்திவிட்டு, மெதுவான வேகத்தில் ஓடவிடுங்கள். அவன் தன் முகத்தைப் பார்ப்பான். நீங்கள் பின்னால் ஓடுகிற மின்கம்பங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் தலைக்கு மிகக் கிட்டே வந்தது எது என்று அவனையே கண்டுபிடித்து, அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள்.